முதல் நாள் காகிதம் எங்கே?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! கிராணிமார்களே!

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினால் 'கிராந்து எங்கே?' என்று கேட்கிறோம். கடையிலே அரிசி மூட்டை எடுத்தாலும் பற்றுச்சீட்டைப் பத்திரமாய் மடித்து வைக்கிறோம். ஆனால் நம் கையையும் காலையும் முதுகெலும்பையும் ஒருவரிடம் வேலைக்கு ஒப்படைக்கிற நாளில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம் கேட்பதில்லை. "நாளைக் காலையில் லோரி வரும், ஏறிக்கொள்" என்கிறார் காண்டிராக்டர். நாமும் ஏறிக்கொள்கிறோம். வடசிலாங்கூரிலே இன்று பல இடங்களில் வேலை நியமனம் என்பது இவ்வளவுதான்!

கடலோரத்திலே சுங்கை புரோங், தஞ்சோங் காராங் நெல்வயல்கள். அவற்றைத் தாண்டி உள்ளே வந்தால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை. ஒரு காலத்தில் இங்கெல்லாம் ரப்பர் நிரைகள். இன்று பெரும்பகுதி செம்பனை. ரப்பர் அங்கங்கே மிச்சம். மரம் மாறியதோடு நிற்கவில்லை, ஆள் எடுக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பு தோட்டமே செக்ரோலில் பேர் போட்டது. இன்று பல இடங்களில் தோட்டம் பெரிது, ஆள் எடுப்பவர் சிறியவர். ஒரு லோரி, ஒரு கைப்பேசி, சட்டைப்பையில் ஒரு நோட்டுப் புத்தகம்: அதுவே அவருடைய ஆபீஸ், அதுவே அவருடைய ரிஜிஸ்தர். அந்த நோட்டில் நம் பேர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அது நாம் வேலைக்கு வந்த தேதியைச் சொல்லாது. நாம் வாங்கிய முன்பணத்தை மட்டும் தவறாமல் சொல்லும்!

கட்டியபோது எழுதிய கை

"படிக்காத ஜனங்களுக்குக் காகிதம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். சரித்திரம் அறியாதவர்கள் கேட்கும் கேள்வி இது.

நம் முன்னோர் இந்த நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாய் வந்தபோது அவர்களுக்கும் எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் கப்பலேறும் முன்பே கைநாட்டு வாங்கப்பட்டது. எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும், எவ்வளவு கடன் கழிய வேண்டும், ஓடினால் என்ன தண்டனை, எல்லாம் காகிதத்தில் இருந்தன. அந்த ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-ல் ஒழிந்தது. பிறகு கங்காணி முறை. அதற்கும் லைசென்சு உண்டு, கணக்கு உண்டு. அக்கரையில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. கூலியின் கடன் எவ்வளவு என்று அதிலே எழுதியிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்கும் புதிய தோட்டத்துக்கே அவன் போக முடியும். 1921-ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

கவனியுங்கள், தோழர்களே! நம்மைக் கட்டிப்போடும் காகிதம் என்றால் ஒரு வரி விடாமல் எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலியிடம் கட்டைவிரலைப் பிடித்து உருட்டிக்கூட வாங்கினார்கள். இன்று காலம் திரும்பிவிட்டது. 1955-ஆம் ஆண்டுத் தொழில் சட்டம் 1957-ல் நடைமுறைக்கு வந்த நாள் முதல், முதலாளியைக் கட்டுப்படுத்தும் வரிகளும் அந்தக் காகிதத்தில் ஏறிவிட்டன. அதனால்தான் இப்போது மை வற்றுகிறது! நம்மைக் கட்டியபோது எழுதிய கை, நம்மைக் காக்க வேண்டியபோது மட்டும் ஏன் முடங்குகிறது? இந்தக் கேள்வியைத்தான் நாம் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

காகிதம் இல்லாமையால் நாம் பட்ட அடி கொஞ்சமா? 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தது. பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் அதைப் பற்றி ஓர் ஆய்வு எழுதினார். துண்டு துண்டாய் விற்ற தோட்டங்களிலே பலர் நேரடி வேலையை இழந்து காண்டிராக்டர்களின் கையில் விழுந்தார்கள். அந்த ஆபத்தைக் கண்டே துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அடுத்து 1968-ல் வந்தது வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பிரஜையல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றது. இங்கேயே பிறந்து இங்கேயே பால் வெட்டியவர்கள்கூட, பிறப்புப் பத்திரமோ பிரஜாவுரிமைச் சான்றோ காட்ட வழியின்றித் திகைத்தார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். உழைத்த உழைப்பு பொய்யா? இல்லை. உழைப்பைச் சொல்லும் காகிதம் இல்லை! அவ்வளவே.

ஒரு தேதியின் விலை

"காகிதம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? சம்பளம் வருகிறதல்லவா?" என்று நம்மவரே சிலர் சொல்வதுண்டு. கணக்குப் பார்த்து விடுவோமே.

ஒரு வெட்டுக்காரம்மாள் ஒரே காண்டிராக்டரிடம் ஆறு ஆண்டு வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் இப்போதைய குறைந்தபட்சக் கூலியான 1,700 வெள்ளி. மரத்தை வெட்டித் தள்ளி ஆட்குறைப்பு வருகிறது. 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் ஆட்குறைப்பு நிதி உண்டு. ஆறு ஆண்டுக்கு 120 நாள். ஏறக்குறைய 6,700 வெள்ளி! அதோடு எட்டு வாரம் முன்னறிவிப்பு. அல்லது அந்த எட்டு வாரச் சம்பளம்.

ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்த தேதி எங்கும் இல்லை. காண்டிராக்டர் சொல்கிறார்: "இந்த அம்மாள் போன வருஷம் தீபாவளிக்குப் பிறகுதான் வந்தார், இன்னும் பன்னிரண்டு மாதம் ஆகவில்லை." பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்தவருக்கு ஆட்குறைப்பு நிதி கிடையாது. முன்னறிவிப்பும் நான்கே வாரம். ஆறாயிரத்துச் சொச்சம் வெள்ளி ஒரே ஒரு பொய்யிலே காற்றாய்ப் பறந்தது. அந்தப் பொய்யை மறுக்கத் தேவைப்பட்டது என்ன? வக்கீலா? வழக்கா? முதல் நாளில் தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரு தாள்!

இன்னொரு தந்திரமும் உண்டு. பதினோரு மாதம் வேலை. பிறகு "இரண்டு வாரம் வீட்டில் இரு". அப்புறம் புதிய ஆள் போலத் திரும்ப எடுப்பது. இதைச் சட்டம் அறியாமல் இல்லை. இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து 30 நாளைத் தாண்டாவிட்டால் அது தொடர்ந்த வேலையே என்று அதே விதிமுறை சொல்கிறது. ஆனால் எந்தத் தேதியில் நின்றோம், எந்தத் தேதியில் மறுபடி சேர்ந்தோம் என்று காட்டுவது யார்? சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சாவி அந்தத் தேதியில் இருக்கிறது.

ஆண்டு விடுமுறையும் இப்படித்தான். இரண்டு ஆண்டுக்குள் 8 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள். அதற்கு மேல் 16 நாள். சேர்ந்த தேதி இல்லாத தொழிலாளி என்றைக்கும் நேற்று வந்தவரே!

"நான் சின்ன முதலாளி ஐயா!"

காண்டிராக்டர்களின் முதல் சமாதானம் இது. "பத்துப் பேரை வைத்து நடத்துகிறேன். எனக்கு ஆபீசும் கிடையாது, கிராணியும் கிடையாது. இத்தனை பாரம் நான் எப்படி நிரப்புவது?"

அவருடைய சிரமத்தை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் சட்டம் பத்துப் பேருக்கு ஒன்று, பதினாயிரம் பேருக்கு ஒன்று என்று எழுதப்படவில்லை. ஒரே ஒரு ஆளை வைத்தாலும் சேமநிதியான இ.பி.எப். உண்டு, சொக்சோ உண்டு. புதிதாய் வந்த ஆளை 30 நாளுக்குள் சொக்சோவில் பதிய வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு ஆள் எடுத்தால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது தொழில் சட்டத்தின் 10-ஆவது பிரிவு; வேலையை எப்படி முடித்துக்கொள்வது என்ற ஷரத்தும் அதில் இருந்தாக வேண்டும். 1957-ஆம் ஆண்டுத் தொழில் விதிமுறைகள் இன்னும் தெளிவாய்ச் சொல்கின்றன: தொழிலாளியின் பேர், அடையாள அட்டை எண், வேலை, சம்பள விகிதம், மிகைநேர விகிதம், படிகள், வேலை நேரம், விடுமுறை, முன்னறிவிப்புக் காலம் ஆகியவற்றை எழுத்திலே தர வேண்டும்.

இத்தனையும் சேர்ந்து எவ்வளவு? ஒரு தாளின் இரண்டு பக்கம்! லோரிக்குச் சாலை வரி கட்ட நேரம் இருக்கிறது. இன்சூரன்சு புதுப்பிக்க நேரம் இருக்கிறது. தோட்டத்தாரிடம் மாதக் கடைசியில் பில் கொடுக்க, கிலோ கிலோவாய்க் கணக்கெழுத நேரம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு தாள் எழுத மட்டும் நேரம் இல்லையா? தன் பணத்துக்கு எழுதத் தெரிந்தவருக்கு நம் பணத்துக்கு எழுதத் தெரியாமற் போகுமா?

ஒன்று சொல்வோம். நேர்மையான சிறு காண்டிராக்டர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேர் பதிந்து, சேமநிதி கட்டி, பிறகு தோட்டத்தாரிடம் விலை கேட்கிறார்கள். பதியாமல் ஓட்டுகிறவர் விலையைக் குறைத்துக் கேட்டு வேலையைத் தட்டிக்கொண்டு போகிறார். ஆக, காகிதம் எழுதாத முதலாளி தொழிலாளியை மட்டும் வஞ்சிக்கவில்லை. நல்ல முதலாளியையும் சேர்த்தே அழிக்கிறார்.

"பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளம் கையில்!"

இரண்டாவது வலை இது. இதில்தான் நம்மவர் அதிகம் விழுகிறார்கள். இதையும் கணக்கிலே பார்ப்போம். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு இ.பி.எப். பிடித்தம் நூற்றுக்குப் 11 வீதம் 187 வெள்ளி. முதலாளி தன் பங்காய்க் கட்ட வேண்டியது நூற்றுக்கு 13 வீதம் 221 வெள்ளி. "பிடிக்க மாட்டேன்" என்று சொல்லும் முதலாளி நம்முடைய 187 வெள்ளியை நமக்கே கொடுத்துவிட்டு, நமக்குச் சேர வேண்டிய 221 வெள்ளியைத் தம் பையிலே போட்டுக்கொள்கிறார். ஆண்டுக்கு 2,652 வெள்ளி! இதற்குப் பெயர் தாராளமா? நம் சொந்தப் பணத்தை எடுத்து நமக்கே பரிசளிக்கிற வித்தை அல்லவா இது?

இதைவிடக் கொடியவரும் உண்டு. பிடித்தம் பிடிப்பார், கட்டமாட்டார். ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். கட்டப்பட்டதா என்று இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். தெரியாதவர்கள் படித்த பிள்ளைகளிடம் கேளுங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றம், இ.பி.எப். அலுவலகத்தில் புகார் கொடுக்க அஞ்ச வேண்டியதில்லை.

சொக்சோவை எண்ணிப் பாருங்கள். ஓலை விழுகிறது, பாம்பு தீண்டுகிறது, கத்தி வழுக்குகிறது, வேலைக்குப் போகும் வழியில் லோரி கவிழ்கிறது. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். பதியாத ஆளுக்கு விபத்து நேர்ந்தால் என்ன நடக்கிறது? ஆஸ்பத்திரி வாசலிலே, "இவர் என் ஆள் அல்ல, சும்மா பார்க்க வந்தவர்" என்று கை விரிப்பவர்களும் உண்டு. உழைக்கும்போது நம் ஆள். விழுந்தபோது ஊரான் ஆள்!

"நீ தொழிலாளி அல்ல, நீயும் ஒரு காண்டிராக்டர்!"

புதிய தந்திரம் இது. கிலோவுக்கு இவ்வளவு, குலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது. பிறகு, "இது கூலி வேலை அல்ல, குத்தகை" என்பது.

வார்த்தையிலே எவ்வளவு இருக்கிறது பாருங்கள். தோட்ட வேலையிலே நாள் கணக்குச் சம்பளம் பெறுகிறவருக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும், அல்லது அதற்கான சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது தொழில் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. மழைக்காலத்தில் மங்கு நிறைய மழைநீரைத் தவிர வேறொன்றும் காணாதவர்களுக்கு இந்தப் பிரிவின் அருமை தெரியும். முதல் நாள் தாளில் 'நாள் கணக்கு' என்று இருக்கிறதா, 'கிலோ கணக்கு' என்று இருக்கிறதா என்பதில் அடுப்பு எரிவதும் எரியாததும் அடங்கியிருக்கிறது. ஆனாலும் கிலோ கணக்கானாலும் மாதக் கூலி குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது.

எழுத்து ஒப்பந்தமே இல்லாவிட்டால்? 2023-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் நமக்கொரு கேடயம் தந்திருக்கிறது. 101சி என்ற பிரிவு. வேலையை எப்படிச் செய்வது என்று ஒருவர் கட்டளையிடுகிறார், நேரத்தை அவர் குறிக்கிறார், கருவிகளை அவர் தருகிறார், அவருடைய தொழிலுக்கு நம் வேலை இன்றியமையாதது, நம் வருமானத்தில் பெரும்பகுதி அவரிடமிருந்தே வருகிறது என்பன போன்றவை இருந்தால், எதிராக நிரூபிக்கப்படும் வரை நாம் தொழிலாளியே, அவர் முதலாளியே! காகிதம் எழுதாமல் தப்பலாம் என்று எண்ணியவருக்குச் சட்டம் வைத்த முட்டுக்கட்டை இது. ஆயினும் கேடயம் இருக்கிறதென்று போருக்கு வெறுங்கையோடு போகலாமா? ஒரு தாள் இருந்தால் வழக்கே வேண்டியதில்லையே!

பெரிய தோட்டம் கை கழுவலாமா?

"அவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல, காண்டிராக்டரின் ஆட்கள்" என்று துரைமார் சொல்கிறார்கள். மரம் யாருடையது? பால் யாருடையது? குலை எந்த மில்லுக்குப் போகிறது? காண்டிராக்டர் சம்பளம் தராமல் ஓடினால், மூன்று மாதச் சம்பளம் வரையில் தோட்டத்தாரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது 33-ஆவது பிரிவு. அதற்குத் தொண்ணூறு நாளுக்குள் வழக்குப் பதிய வேண்டும், இதை மறவாதீர்கள். ஆள் சப்ளை செய்யும் காண்டிராக்டர் தொழில் இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும் என்பதும் சட்டமே. பதிந்தவரா என்று கேட்காமல் கேட்டைத் திறந்துவிடும் நிர்வாகம், நடப்பது என்னவென்று அறியாததா?

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை

தோட்டச் சிப்பந்திகளான நண்பர்களே! பேனா உங்கள் கையில் இருக்கிறது. பெரட்டில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பதை உங்களைவிட அறிந்தவர் இல்லை. காண்டிராக்டரின் பில் உங்கள் மேசைக்கே வருகிறது. "உம்முடைய ஆட்களின் பேர்ப் பட்டியல் எங்கே? சேமநிதி ரசீது எங்கே?" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், பல குடும்பங்கள் பிழைக்கும். வெட்டுக்காட்டில் இருப்பவனுக்கும் ஆபீசில் இருப்பவனுக்கும் இடையே முன்பு ஒரு வேலி இருந்தது. இன்று கிராணி வேலையும் காண்டிராக்டுக்குப் போகத் தொடங்கினால் அந்த வேலி யாரைக் காக்கும்?

அயல்நாட்டுத் தோழர்கள்

இன்று நம்மோடு இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளத்தார் உழைக்கிறார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டை முதலாளி பூட்டி வைக்கிறார் என்றால், நம் பாட்டனுக்கு நடந்ததே அவர்களுக்கும் நடக்கிறது. பிறர் பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சொக்சோ பாதுகாப்பு 2019 முதல் அவர்களுக்கும் உண்டு, இ.பி.எப். 2025 அக்டோபர்ச் சம்பளம் முதல் இரு தரப்பும் நூற்றுக்கு 2 வீதம் கட்ட வேண்டும். "அவர்களால்தான் நமக்கு வேலை போயிற்று" என்று பகைப்பது பேதைமை. அவர்களைக் காகிதமின்றி மலிவாக வைத்திருக்க முடிவதால்தான் நம்மையும் காகிதமின்றி வைக்கிறார்கள். அவர்கள் பேர் பதியப்பட்டால் நம் கூலியும் நிற்கும்.

நாம் செய்ய வேண்டியது

1. வேலைக்குச் சேரும் நாளில், தேதியிட்ட நியமனத் தாள் கேளுங்கள். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காலியாக உள்ள தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

2. மாதாமாதம் சம்பளச் சீட்டு வாங்குங்கள். ஒரு தகர டப்பாவில் போட்டு வையுங்கள். அது உங்கள் நகைப்பெட்டியைவிட மதிப்புள்ளது.

3. தாள் தர மறுத்தால், சேர்ந்த தேதியையும் லோரி எண்ணையும் வேலை செய்த காட்டையும் நீங்களே எழுதி வையுங்கள். கைப்பேசியில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள்.

4. "சங்கத்தில் சேரமாட்டேன்" என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாது; தொழில் சட்டத்தின் 8-ஆவது பிரிவு அதற்கு அரண். சட்டத்தைவிடக் குறைந்த சலுகை எழுதினாலும் செல்லாது.

5. சம்பளப் பாக்கிக்குத் தொழில் இலாகா. நியாயமின்றி வேலைநீக்கம் செய்தால் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகா. ஒரு நாள் தவறினாலும் கதவு சாத்தப்படும்.

6. தனியாகக் கேட்பவரை லோரியில் ஏற்றாமல் விட்டுப் போகலாம். ஆகவே தனியாகக் கேட்காதீர்கள். பத்துப் பேரும் ஒரே காலையில், ஒரே வார்த்தையாய்க் கேளுங்கள். பத்துப் பேரையும் விட்டுவிட்டுப் போனால் அன்றைக்குக் குலை வெட்டுவது யார்? பால் எடுப்பது யார்?

இந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றுக்கும் மூலம். 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது சிதறிக்கிடந்த சங்கங்கள் ஒன்றாயின. ஒன்றானதால்தான் முதலாளிகள் சங்கத்தோடு மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுத முடிந்தது. அந்தக் கூட்டு ஒப்பந்தத்துக்கு வெளியே நம்மைத் தள்ளுவதற்காகவே இன்று ஒவ்வொருவரையும் தனித்தனியாய், வாய்ப்பேச்சில், லோரியில் ஏற்றுகிறார்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். எழுத்து நிற்கும்.

தோழர்களே! இது பிச்சையல்ல, சலுகையல்ல. உழைக்கும் முன் கேட்க வேண்டிய உரிமை. முதல் நாள் காகிதத்தைக் கேளுங்கள். கேட்பதற்குப் பயமாயிருந்தால் கிளைச் செயலாளரை அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். நம் பிள்ளைகளாவது, "நான் எங்கே, எந்த நாள் முதல் வேலை செய்தேன்" என்று சாட்சி தேடி அலையாதிருக்கட்டும்!